பச்சை விரிப்புக் காலம்

இந்த ஆண்டு கோடைக் குழுவுக்கு ஐந்து பேர் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். அதில் மூன்று பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள். “ஆன்ட்டி, என்னென்ன செய்யணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க” என்று ஆராதனை முடிந்த காபி அவரில் கேட்டீர்கள். போட உட்கார்ந்தேன், கை நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நர்ஸ் வேலைக்கு நியூ ஜெர்சி வந்தவள். வந்த புதிதில் எந்தக் கோயிலுக்குப் போவது என்று தெரியாமல் மூன்று மாதம் வீட்டிலேயே ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு கோயில் வாசலில் சிவப்பு, வெள்ளை, நீலக் கேடயம் போட்ட ஒரு பலகை நின்றது. உள்ளே போனேன். மொழிதான் வேறு, ஆராதனை முறை அப்படியே பாளையங்கோட்டை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலி ஆங்கிலிக்கன்காரர்கள் அதில் இணைந்தார்கள். இங்கே அதே வேரிலிருந்து வந்தவர்கள் எபிஸ்கோப்பல் சபையார். உறவு முறையில் பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. ஊரில் எங்கள் சபைக் குருவானவரான ஐயரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்து கொடுத்தேன், சேர்த்துக்கொண்டார்கள். அன்று முதல் பீடத்தைத் தயார் செய்யும் ஆல்டர் கில்டு, கட்டடத்தைக் கவனிக்கும் ஜூனியர் வார்டன் பதவி, இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் ஃபுட் பேன்ட்ரி என்று எல்லாவற்றிலும் கை வைத்தாயிற்று. தப்பும் நிறையச் செய்தாயிற்று. அந்தத் தப்புகளைத்தான் கீழே எண் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. நேரம் மாறுவதைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

நம் ஊரில் கோடை வந்தால் கோயில் நிரம்பும். மே மாதம் வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிடுவார்கள், உட்கார இடம் இருக்காது. இங்கே தலைகீழ். மே கடைசித் திங்கள் மெமோரியல் டே. அது முடிந்ததும் சபை கரையத் தொடங்கும். கடற்கரை வீடு, ஏரிக்கரை வீடு, பேரப்பிள்ளைகள் வீடு என்று போய்விடுவார்கள். செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே கழித்துத்தான் திரும்புவார்கள். பாடகர் குழுவுக்கும் அதுவரை விடுமுறை. அதனால் 8 மணி ஆராதனையையும் 10.30 மணி ஆராதனையையும் சேர்த்து 9 மணிக்கு ஒன்றாக வைக்கிறோம்.

ஒரு வருஷம் இந்த மாற்றத்தை ஆராதனைத் தாளில் நான்கு வாரம் அச்சடித்தோம். யார் படித்தார்கள்? ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள். ஜூன் இரண்டாவது ஞாயிறு 10.30க்கு ஒரு கணவனும் மனைவியும், கைக்குழந்தையோடு, இஸ்திரி போட்ட உடுப்பில் வந்து நின்றார்கள். நான் பின்னறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டு ஈரக் கையோடு வெளியே வந்தால், காலியான பெஞ்சுகளைப் பார்த்தபடி நிற்கிறார்கள். “முடிந்துவிட்டதா?” என்று அந்தப் பெண் கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

ஆகவே தெருவைப் பார்த்த கதவில், எட்டடி தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கோயில் தொலைபேசியில் பதிந்த குரலையும் மாற்றுங்கள். ஜூன் மாதம் முழுக்க 10.30க்கு ஒருவர் வாசலில் இருக்கட்டும்.

2. எட்டு மணிக்காரர்களிடம் பணிவாக இருங்கள்.

அவர்கள் ஜெபப்புத்தகத்தின் முதல் ஆராதனை முறைப்படி, பழைய ஆங்கிலத்தில், பாட்டே இல்லாமல் ஆராதித்துப் பழகியவர்கள். பத்தரை மணிக்காரர்கள் இரண்டாம் முறை, ஆர்கன், குழந்தைகளின் இரைச்சல். 1979ஆம் ஆண்டு ஜெபப்புத்தகத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு, ஒரே பெஞ்சில் இரண்டுக்கும் இடம் இருக்கிறதா என்பது கோடையில்தான் தெரியும். யாராவது ஒரு பாட்டியம்மா உங்களைப் பார்த்து, “இது நான் உட்காரும் இடம்” என்றால் எழுந்து கொடுத்துவிடுங்கள். அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பெயரைக் கேளுங்கள். எனக்கு இங்கே கிடைத்த முதல் சிநேகிதி அப்படிக் கிடைத்தவர்தான்.

3. பச்சை என்றால் சும்மா இருக்கும் காலம் என்று நினைக்காதீர்கள்.

பெந்தெகொஸ்தே, திரித்துவ ஞாயிறு தாண்டியதும் பீடத்தில் பச்சை விரிப்பு ஏறும். இடையில் சில திருநாள்கள் தவிர, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வரைக்கும், கிட்டத்தட்ட ஆறு மாதம் அதுதான். புதியவர்களுக்கு அலுப்புத் தட்டும். நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள்: ஜூன் 24 யோவான் ஸ்நானன், ஜூன் 29 பேதுருவும் பவுலும், ஜூலை 22 மகதலேனா மரியாள், ஆகஸ்டு 6 மறுரூபத் திருநாள், ஆகஸ்டு 15 கன்னி மரியாள். கிழமை நாளில் வந்தால் ஆறு பேர் சேர்ந்து மாலையில் ஓர் ஆராதனை வைக்கலாம். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம்.

நான் விடாமல் வைப்பது ஆகஸ்டு 14. ஜோனதன் டேனியல்ஸ் நினைவு நாள். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர், குருத்துவக் கல்லூரி மாணவர். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக அலபாமா போனார். ஆகஸ்டு 14 அன்று கைது செய்து ஒரு வாரம் போலச் சிறையில் வைத்தார்கள். 20ஆம் தேதி வெளியே விட்டார்கள். நல்ல வெயில். குளிர்பானம் வாங்க நான்கு பேர் ஒரு கடைக்கு நடந்தார்கள். வாசலில் ஒருவன் துப்பாக்கியோடு நின்றான். ரூபி சேல்ஸ் என்ற 17 வயதுப் பெண்ணை நோக்கி அவன் குறி வைத்தான். டேனியல்ஸ் அவளைத் தள்ளிவிட்டுக் குண்டைத் தான் வாங்கிக்கொண்டார். வயது 26. சுட்டவனை உள்ளூர் ஜூரி விடுதலை செய்தது. வெயிலில் சோடாப் புட்டி வாங்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

4. ஜூலை 4 சண்டையில் தலையிடாதீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் வரும். பீடத்தருகே கொடி வைக்கலாமா, தேசப் பாட்டு பாடலாமா என்று சபை நிர்வாகக் குழுவான வெஸ்ட்ரியில் வாக்குவாதம். இந்தச் சண்டை இந்தச் சபையின் வயதுக்குச் சமம். 1776 ஜூலை 4 அன்றே பிலடெல்பியா கிறைஸ்ட் சர்ச்சின் வெஸ்ட்ரி கூடி, ஜெபங்களிலிருந்து இங்கிலாந்து ராஜாவின் பெயரை எடுத்துவிடத் தீர்மானித்தது. ஜெபப்புத்தகத்தில் பேனாவால் அடித்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் சுதந்திரப் போர் முடிந்து அமெரிக்காவுக்கென்று புத்தகம் தயாரித்தபோது சுதந்திர தின ஆராதனையைச் சேர்த்துவிட்டு, 1789இல் எடுத்துவிட்டார்கள். குருமார்களில் பலர் ராஜா பக்கம் நின்றவர்கள், அவர்கள் வாயால் எப்படி நன்றி சொல்ல வைப்பது என்று பிஷப் வில்லியம் ஒயிட்டுக்குச் சங்கடம். 1928 புத்தகத்தில்தான் அந்த நாள் திரும்ப வந்தது.

இப்போது புத்தகத்தில் அந்த நாளுக்கென்று ஜெபமும் வாசிப்புகளும் இருக்கின்றன. அவற்றை வாசியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரனிடமிருந்து விடுதலை வாங்கியது எப்படி இருக்கும் என்று நம்மிடம் யாராவது கேட்டால் அப்போது பேசலாம்.

5. வெயிலை மதியுங்கள். இது நர்ஸாகச் சொல்வது.

எங்கள் கோயில் கருங்கல் கட்டடம், ஏசி கிடையாது. ஜூலையில் தேன்மெழுகுத் திரிகள் கும்பிடு போடுவது போல வளையும். சனிக்கிழமை இரவே அவற்றை எடுத்து நிலவறையில் வைத்து, காலையில் நட்டால் ஆராதனை முடியும்வரை நிற்கும். மின்விசிறியைப் பீடத்தின் பக்கம் திருப்பாதீர்கள், அப்பத் தகடுகள் பறக்கும். வாசிப்பு நடக்கும்போது விசிறியின் வேகத்தைக் குறைக்க ஒருவரை வையுங்கள். இல்லாவிட்டால் ஏசாயாவின் சத்தம் யாருக்கும் கேட்காது.

பீடத்தில் உதவும் பிள்ளைகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன், காலை ஆகாரம் இல்லாமல் ஓடி வந்திருப்பான், மேலே கணுக்கால் வரை அங்கி. சுவிசேஷ வாசிப்பு முழுக்க முழங்காலை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். முதலில் உதடு வெளுக்கும், பிறகு மேலுதட்டில் முத்து முத்தாக வேர்க்கும், கண் எங்கோ போகும். அந்த நிமிஷமே உட்கார வைத்துவிட வேண்டும். நான் ஒரு தடவை அரை நிமிஷம் தாமதித்தேன். பையன் சிலுவைத் தடியோடு சரிந்தான். தடி என் தோளில் விழுந்ததால் அவன் தலை தப்பியது. முழங்காலை லேசாக மடித்து நிற்கச் சொல்லிக்கொடுங்கள். கோடையில் அங்கி வேண்டாம் என்று எங்கள் குருவானவரான ரெக்டரிடம் நான் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. நீங்களும் சொல்லுங்கள், புதியவர்கள் சொன்னால் கேட்பார்.

பெஞ்சு ஓரங்களில் செருகியிருக்கும் பனையோலை விசிறிகள் ஊரிலிருந்து நான் கொண்டுவந்தவை. மழைக் காலத்தில் பூசணம் பிடிக்கும், செப்டம்பரில் எடுத்து வெயிலில் காயப்போட்டுக் கட்டி வையுங்கள்.

6. வெளியே ஆராதனை வைத்தால் நான்கு விஷயம் பாருங்கள்: காற்று, தேனீ, நிழல், தண்ணீர்க் குழாய்.

ஜூலையில் ஒரு ஞாயிறு பூங்காவில் திருவிருந்து வைப்பது எங்கள் வழக்கம். வெர்ஜீனியாவின் ஆர்க்னி ஸ்பிரிங்ஸில் ஓர் எபிஸ்கோப்பல் கதீட்ரலே திறந்தவெளியில் இருக்கிறது. 1925 ஆகஸ்டு 6, மறுரூபத் திருநாளன்று பிரதிஷ்டை செய்தது. பீடம் கல், கூரை மரங்கள். அங்கே போனபோது நாமும் செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. செய்தோம். கற்றுக்கொண்டது இது:

பீட விரிப்பின் நான்கு மூலையிலும் கனமான கவ்வி போடுங்கள். தட்டில் அப்பத்தை அடுக்காதீர்கள், மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். திராட்சரசம் இனிப்பானது, தேனீக்களுக்குத் தகவல் உடனே போய்விடும். கிண்ணத்தின் மேல் சதுரமாக, விறைப்பாக ஒரு துணி மூடி வைப்போமே, அதை வெறும் அலங்காரம் என்றுதான் நான் பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பூச்சி விழாமல் இருக்கத்தான் அது. பங்கிடும் நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் மூடியே இருக்கட்டும். வயதானவர்களுக்கு நிழலில் நாற்காலி. புல் தரையில் முழங்காலிடச் சொல்லாதீர்கள், எழுப்ப ஆள் போதாது.

நான்காவது, தண்ணீர்க் குழாய். முதல் வருஷம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ரெக்டர் கை விரித்து நன்றி ஜெபத்தைத் தொடங்கினார். சரியாக அதே நேரம் புல்லுக்குள்ளிருந்து எட்டு இடங்களில் தண்ணீர் பீய்ச்சியது. தானாகத் திறக்கும் குழாய்கள். நாங்கள் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. எண்பது வயது வரை உள்ள சபையார் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஞானஸ்நானத்தைப் புதுப்பித்துக்கொண்டோம் என்று ரெக்டர் சொல்லிச் சமாளித்தார். அனுமதி வாங்கும்போதே பூங்கா அலுவலகத்தில் குழாய் நேரத்தைக் கேளுங்கள்.

7. ரெக்டர் விடுமுறையில் போகும்போது.

போகட்டும். அவரைக் கூப்பிடாதீர்கள். சாவு என்றால் மட்டும் கூப்பிடலாம்.

சில ஞாயிறுகளுக்கு வேறு குருவானவர் வருவார். அவருக்கு ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதி முந்தின நாளே அனுப்புங்கள்: எந்தக் கதவு, மைக் பொத்தான் எங்கே, திருவிருந்துக்கு முழங்காலிடுவோமா நிற்போமா, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கான அப்பம் எந்தப் பாத்திரத்தில். அவருக்கான காசோலையை உறையில் போட்டு மேசையில் வையுங்கள். ஆராதனை முடிந்து அவரைத் தாழ்வாரத்தில் காக்க வைத்து, பொருளாளரைத் தேடி ஓடுவது அழகல்ல. மூன்றாண்டு வாசிப்புச் சுற்றில் இரண்டாவது ஆண்டு கோடையில் ஐந்து வாரம் தொடர்ந்து யோவான் 6ஆம் அதிகாரம்தான், அப்பத்தின் மேல் அப்பம். போன வாரம் வந்தவர் என்ன பேசினார் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். பாவம், மூன்றாவது ஆள் என்னதான் பேசுவார்?

குருவானவர் கிடைக்காத ஞாயிறு காலை ஜெபம். அதை நீங்களே நடத்தலாம். திருவிருந்து நடத்த முடியாது. பாவமன்னிப்பு வாக்கியம் வரும் இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: குருவானவர் ‘உங்களை’ என்று சொல்லும் இடத்தில் நீங்கள் ‘எங்களை’ என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான், அதில்தான் எல்லாம் இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல. நம் கிராமங்களில் ஐயர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், மற்ற வாரமெல்லாம் உபதேசியார்தான். அந்த உபதேசியார்களின் பேரப்பிள்ளைகள் நாம். கூச்சப்பட வேண்டாம்.

8. வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி பற்றி.

ஊரில் பத்து நாள், இங்கே ஐந்து காலை. ஊரில் எந்த அக்காவும் அண்ணனும் வகுப்பெடுக்கலாம். இங்கே குழந்தைகளோடு வேலை செய்யும் ஒவ்வொருவரும் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பின்னணி விசாரணையும் உண்டு. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனி அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். கணவன் மனைவி இருவராக இருந்தால் அது இரண்டு என்று எங்கள் சபையில் கணக்கில் எடுப்பதில்லை. “என்னைச் சந்தேகப்படுகிறார்களா?” என்று கோபித்துக்கொண்டு ஒரு தம்பி விலகிப்போனார். இது சந்தேகம் இல்லை தம்பி. கோயில்களில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை வருஷக்கணக்காக மூடி மறைத்த பிறகு வந்த புத்தி. ஊரிலும் இது வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்தது தின்பண்டம். முதல் வருஷம் ஆசையாக ஒரு டப்பா கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொண்டுபோனேன். வாசலிலேயே ஒரு தாய் டப்பாவைப் பார்த்துவிட்டு, தன் மகளை இழுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது. மூச்சு அடைக்கும். ஆஸ்பத்திரியில் இத்தனை பேருக்கு ஊசி போட்டவள் நான், கோயில் என்றதும் அந்த நினைப்பே வரவில்லை. பதிவுத் தாளில் ஒவ்வாமைக்கு ஒரு கட்டம் போட்டு, அது காலியாக இருந்தால் பெற்றோரைக் கேட்டு நிரப்புங்கள்.

9. ஃபுட் பேன்ட்ரியை மட்டும் கோடையில் ஒரு வாரமும் மூடாதீர்கள்.

மற்றதில் எதைக் குறைத்தாலும் நான் பேச மாட்டேன். இதைக் குறைத்தால் பேசுவேன்.

காரணம் எளிது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் நடக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம் அல்லது சலுகை விலை, பல இடங்களில் காலை உணவும் உண்டு. காமராசர் காலத்து மதிய உணவு தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் கடைசியில் பள்ளி மூடியதும் அந்தச் சாப்பாடு நின்றுவிடும். சில பூங்காக்களிலும் நூலகங்களிலும் அரசுச் செலவில் கோடை உணவு கொடுக்கிறார்கள், அங்கே பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே. 2024 முதல் ஒரு பிள்ளைக்குக் கோடை முழுவதற்கும் 120 டாலர் அட்டையில் போடுகிறார்கள். நியூ ஜெர்சி அதில் சேர்ந்திருக்கிறது, சேராத மாநிலங்களும் உண்டு. 120 டாலர் பத்து வாரத்துக்கு எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதே மாதங்களில்தான் பொருள் கொடுப்பவர்களும் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். தேவை ஏறும் நேரத்தில் அலமாரி இறங்கும்.

என்ன வாங்குவது? நான் ஆரம்பத்தில் மலிவு பார்த்து பீன்ஸ் டப்பாக்களாக அடுக்கினேன். ஒரு மனிதர் பையை வாங்கிக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து மூன்று டப்பாக்களை மேசையில் வைத்தார். நன்றாக இருந்த சட்டை, மடிப்புக் கலையாமல். “அம்மா, இதைத் திறக்க என்னிடம் எதுவும் இல்லை” என்றார். காரில் குடியிருந்தார். அடுப்பு இல்லை, கத்தி இல்லை, டப்பா திறப்பான் இல்லை. அன்றிலிருந்து நான் வாங்குவது வளையத்தை இழுத்தால் திறக்கும் டப்பாக்கள், ஃபிரிட்ஜ் தேவைப்படாத பால், சீரியல், பீநட் பட்டர். அதோடு டயப்பர், சோப்பு, கழிவறைத் தாள், மாதவிடாய் நாப்கின். அரசு உணவு அட்டையில் இவை எதையும் வாங்க முடியாது என்பது கொடுப்பவர்கள் பலருக்குத் தெரியாது. கடைக்காரர் யாராவது, “கொடுத்து யாருக்காவது வயிறு கெட்டால் என் மேல் வழக்குப் போடுவார்களே” என்று தயங்கினால், நல்லெண்ணத்தோடு கொடுப்பவரை 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று காக்கிறது என்று சொல்லுங்கள்.

பையில் போட்டு நீட்டுவதைவிட, அலமாரியில் வைத்து அவர்களையே எடுக்க விடுவது நல்லது. வரிசையில் நிற்பவரைப் படம் எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பவும் கூடாது, ஐயருக்குக்கூட. நம் வெள்ளாளன்விளை அசரியா, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனவர், அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் செய்த தியாகமெல்லாம் சரி, எங்களுக்குச் சிநேகம் வேண்டும். அன்று வாங்கும் பக்கம் நின்று நம் ஆள் கேட்டார். இன்று மேசையின் கொடுக்கும் பக்கத்தில் நாம் நிற்கிறோம். பேன்ட்ரி நாளில் மேசைக்கு இந்தப் பக்கமே நிற்காமல் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அவர்களோடு ஒரு காபி குடியுங்கள்.

10. தோட்டத்தில் சுக்கினி அதிகம் போடாதீர்கள்.

இரண்டு செடி போதும். ஆறு செடி போட்டால் ஆகஸ்டில் அதைத் தானம் வாங்கிக்கொள்ள ஆள் தேடி அலைய வேண்டும். வெண்டையும் கத்தரியும் போடுங்கள், பேன்ட்ரிக்கு வரும் ஹெய்தி, வங்காளக் குடும்பங்கள் விரும்பி எடுப்பார்கள்.

11. பிக்னிக்கில் நம் ஆட்கள் ஒரே மேசையில் உட்காராதீர்கள்.

அசனப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோறு சாப்பிடுவோம். அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். ஐந்து தமிழ்க் குடும்பம் ஒரு மேசையைப் பிடித்து, ஊர்க் கதை பேசி, நாமே கொண்டுவந்ததை நாமே சாப்பிட்டுக் கிளம்பினால், அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. சமைத்த பதார்த்தம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 90 ஃபாரன்ஹீட் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். இது இங்கத்திய விதி. இவர்கள் மயோனெய்ஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலடை வெயிலில் வைத்துவிட்டுப் பந்து விளையாடப் போவார்கள். நீங்கள் போய் ஐஸ் மேல் தூக்கி வையுங்கள். கட்டுச்சோறு கட்டிப் பழகிய கை நமக்கு. புளியோதரை கொண்டுபோங்கள், மிளகாயைப் பாதியாகக் குறைத்து. விதி அதற்கும் சேர்த்துத்தான், ஆனால் அது பந்தி முடியும்வரை மீந்து நான் பார்த்ததில்லை.

12. ஊருக்குப் போக இடமில்லாதவர்களின் பெயரை எழுதி வையுங்கள்.

எல்லாரும் போய்விட்ட சபையில் யார் மிச்சம்? கடற்கரை வீடு இல்லாதவர்கள், கார் ஓட்ட முடியாதவர்கள், பார்க்க வரும் பிள்ளைகள் இல்லாதவர்கள். வெப்ப அலை அறிவித்த அன்றே பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். எடுக்காவிட்டால் போய்ப் பாருங்கள். திருவிருந்து கொண்டுபோக அனுமதி பெற்றவர்கள் அப்பம் வைக்கும் சின்னப் பெட்டியோடு ஒரு தெர்மாமீட்டரும் எடுத்துப் போகலாம்.

தொண்ணூறு தாண்டிய ஓர் அம்மா வீட்டுக்கு அப்படித்தான் போனேன். ஜன்னலில் ஏசி இருந்தது, ஓடவில்லை. மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்திவிட்டு, கழுத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அப்பத்தை நாக்கில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. வாய் அவ்வளவு வறண்டிருந்தது. ஜெபப்புத்தகத்தை மூடிவிட்டு முதலில் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு டம்ளர், மெதுவாக. ஏசியைப் போட்டேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். அந்த மாதக் கட்டணத்தை ரெக்டரின் உதவி நிதியிலிருந்து கட்டினோம். அந்த அம்மாவுக்கு அது தெரியாது.

13. ஊருக்குப் போகுமுன் மூன்று மாதக் காணிக்கையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் போனாலும் கூரையும் சம்பளமும் விடுமுறை எடுப்பதில்லை.

14. எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்யாதீர்கள்.

முதல் வருஷ வேகத்தில் கதவு திறந்து, வாசித்து, பாத்திரம் கழுவி, காபி போட்டு, ஆகஸ்டு முடிவதற்குள் கோயிலையே வெறுத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். நானே ஒரு வருஷம் செப்டம்பர் முழுவதும் ஆராதனைக்குப் போகவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு எந்த வேலையும் இல்லாமல் பின் பெஞ்சில் உட்காருங்கள். அன்று யாராவது உதவி கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். கோடை ஞாயிறுகள் பதினான்கு இருக்கும், ஐந்து பேர் நீங்கள். தாராளமாகப் போதும்.

பட்டியல் தாழ்வாரத்துப் பலகையில் இருக்கிறது. வாசிப்புக்கு எல்லாப் பெயரும் நிரம்பிவிட்டது, காபிக்கும் நிரம்பிவிட்டது. ஆகஸ்டு மூன்றாம் ஞாயிறு காலை எட்டே காலுக்குக் கதவு திறக்கும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அன்று நான் ஊரில் இருக்க மாட்டேன். பக்கத்துக் கதவு ஈரத்தில் உப்பியிருக்கும், தோளால் ஒரு இடி கொடுத்தால் திறக்கும். உங்களில் ஒருவர் அந்தக் கட்டத்தில் பெயரை எழுதிவிட்டு, சாவியை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.